இரண்டு அங்குலம்

ஞாயிறு மாலை ஆராதனையில்
போதகர் நேசகுமார் திரையில் உலக வரைபடம் போட்டார்.
நிலநடுக்கங்களுக்குச் சிவப்புப் புள்ளி,
யுத்தங்களுக்குக் கறுப்பு.
போன மாத வெள்ளத்துக்கு ஒரு நீலப் புள்ளி.
அது விழுந்த இடம்
எங்கள் வளவுக்குப் பின்னால்
தோட்டத்து வீடுகளின் தகரத்தின் மேல்.
"காலம் நெருங்கிவிட்டது" என்றார்.
ஆமென் என்றோம்.
நான் கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு காணிக்கை எண்ணினேன்:
முப்பத்தோராயிரத்து நானூற்று இருபது,
ஓர் இந்திய நாணயம்,
ஒரு சட்டைப் பொத்தான்.

திங்கள் காலை சன்னாசி பாஸ் வந்தார்.
கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி
மணல் கரண்டியைத் தோளில் போட்டு நடந்து வந்தார்.
பின்மதிலில் வெடிப்பு.
நத்தாருக்கு முன் பூசி
வெள்ளை அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை
என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் சாந்து குழைக்கவில்லை.
மடியிலிருந்து நூலொன்றை எடுத்தார்.
நுனியில் பித்தளைக் குண்டு,
தேய்ந்து, மாதுளை மொட்டுப் போல.
மதில் உச்சியிலிருந்து தொங்கவிட்டார்.
ஆடியது.
ஆட்டம் குறைந்தது.
நின்றது.
அது யாரையும் குற்றம் சொல்லவில்லை.
நேராய்த் தொங்கியது.

"எவ்வளவு?"
"ரெண்டு அங்குலம், ஐயா.
றோட்டால பாத்தா தெரியாது.
நூலுக்குத்தான் தெரியும்."

காலால் தரையைத் தட்டிக் காட்டினார்:
"கானுக்கு மேல கட்டியிருக்கீங்க.
தண்ணிக்கு வழியில்ல.
இந்தப் பக்கம் போக வேண்டியது
அந்தப் பக்கம் போயிருக்கு."

எனக்குத் தெரியும்.
கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான்.
மூன்று கார் நிறுத்த இடம் போதவில்லை,
மதிலைப் பின்னுக்குத் தள்ளுவோம்,
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்.
தோட்டத்திலிருந்து ஓர் அம்மா
இரண்டு தடவை கடிதம் கொண்டுவந்தார்.
இரண்டிலும் நான் எழுதினேன்:
கவனத்தில் எடுக்கப்பட்டது.

நவம்பரில் அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.
கேஸ் சிலிண்டர் மிதந்தது.
மூன்றாம் நாள் நாங்கள்
சோற்றுப் பார்சலோடு போனோம்,
பதாகையோடும்.
படத்தில் நான் இடதிலிருந்து நான்காவது.

ஆடு மேய்த்தவன் ஒருவன்
தெக்கோவாவிலிருந்து வந்தான் அல்லவா,
அயலூர்களை வரிசையாய்ச் சொன்னான்,
தமஸ்கு, காசா, தீரு.
ஒவ்வொன்றுக்கும் கூட்டம் தலையாட்டியிருக்கும்.
ஆமென் என்றும் சொல்லியிருப்பார்கள்
சத்தமாய்ச் சிலர்.
பிறகுதான் விரல்
கூட்டத்தின் பக்கம் திரும்பியது.
தூக்குநூலை அவனும் கண்டான்.
கண்டது அந்நியன் மதிலிலா?

இத்தனை வருடம் மிருகத்தின் இலக்கத்தைக்
கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன்,
கணக்குப் பிள்ளை புத்தி.
பார்கோடில் தேடினேன், தடுப்பூசியில் தேடினேன்.
என் கோவையில் தேடவில்லை.

"பூசவா, உடைக்கவா?" சன்னாசி பாஸ் கேட்டார்.
பதில் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றேன்.
அதிகாரமில்லாதது அப்போது வசதியாகவும் இருந்தது.
"அப்ப நூலைக் கழட்டவா?"
"வேணாம். இருக்கட்டும்."

பின்னேரம் போதகர் வந்தார்,
அங்கியில்லாமல், செருப்போடு.
மதிலுக்கும் நூலுக்கும் இடையில்
விரல்களை விட்டுப் பார்த்தார்.
மூன்று விரல் போனது.
நெடுநேரம் எடுக்கவில்லை.

மதிலுக்கு அப்பால் யாரோ
ஈரப் பாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஒரு மாதமாகியும் காயாத பாய்.
அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை.
"அந்த அம்மாவுக்கு என்ன பேர்?" என்றார்.

கோவையைத் திறக்கவே தேவையில்லை.
நூர்ஜஹான் என்றேன்.
இரண்டு தடவை வந்தவ, என்றேன்.
தூறத் தொடங்கியது.